50 பிக்ஸலுக்கு மேல் திறக்காத படம்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படத்தை லாஜிஸ்டிக் மேப் முறையில் (எக்ஸ் என்ற எண்ணை ஒரே சூத்திரத்தில் திரும்பத் திரும்பப் போட்டு, சுற்றுக்கு ஒரு பிக்ஸலாக மறைப்பது) குறியாக்கம் செய்து லேப்டாப்புக்கு அனுப்பினால், அங்கே திறக்கும்போது வெறும் புள்ளிக்கூட்டம்தான் வந்தது. சாவி சரி, சி நிரலும் இரண்டு பக்கமும் ஒன்றே.

முதலில், பிக்ஸல் மதிப்புகளையே சற்று மாற்றிவிடும் ஜேபெக் சுருக்கத்தைச் சந்தேகப்பட்டேன். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. மதிப்பை மாற்றாத பிஎன்ஜிக்கு மாற்றியும் பலனில்லை. வழியில் கோப்பு கெடுகிறதோ என்று இரு பக்கக் கோப்பின் ஷா-256 மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிட்டேன். அச்சு அசலாக ஒன்று. போர்டிலேயே பூட்டி அங்கேயே திறந்தால் படம் பளிச்சென்று வருகிறது!

துப்பு கொடுத்தது முதல் வரிசை. பெரிதாக்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் சுமார் 50 பிக்ஸல் சரியாக இருந்தது, அப்புறம்தான் குப்பை. சாவி தவறென்றால் தொடக்கமே உருப்பட்டிருக்காது. இரு பக்கமும் எக்ஸ் மதிப்பை 17 இலக்கத்துக்கு அச்சிட்டேன். கடைசி இலக்கத்தில் தோன்றிய சின்ன வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டித்துக்கொண்டே போனது. டபுள் எண்ணுக்கு (சி மொழியில் தசம எண்ணை வைக்கும் வகை) 53 பிட்தான் துல்லியம்; ஐம்பது சுற்றில் அது தீர்ந்துவிடுகிறது.

எக்ஸிலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழிக்கும் வரிதான் காரணம். போர்டின் ஏஆர்எம்64 செயலிக்கான ஜிசிசி (சி நிரலை இயந்திரக் கட்டளையாக்கும் தொகுப்பி) பெருக்கலையும் கழித்தலையும் ஒரே கட்டளையாக இணைத்து, விடையை ஒரு முறை மட்டும் 53 பிட்டுக்குள் ரவுண்ட் செய்கிறது. லேப்டாப்பில் அந்த ரவுண்டிங் இரண்டு முறை நடக்கிறது. இருபுறமும் இந்த இணைப்பைக் கட்டுப்படுத்தும் எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட் விருப்பத்தை ஆஃப் என்று கொடுத்துத் தொகுத்ததும் முழுப் படமும் திறந்தது. அப்பாடா!

நிஜமாகவே ரகசியப் படம் அனுப்ப ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற தரமான குறியாக்க முறைதான் சரி. அதில் மிதவைப்புள்ளிக் (டபுள் மாதிரித் தசம எண்) கணக்கே இல்லாததால் இந்தத் தொல்லையும் கிடையாது.