புளோரிடாவில் வீட்டு இன்சூரன்ஸ் ஏறுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரினீவல் கடிதம் வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, ஏஜென்டைக் கூப்பிட்டு "எதையாவது எடுத்துவிட்டுக் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்பது. டாம்பா பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள், முதல் வருடம் நானும் இதையேதான் கேட்டேன். ஏஜென்டும் எடுத்துவிடுவார். அந்த வருடம் புயல் வராவிட்டால் நிம்மதி. வந்துவிட்டால், மிச்சம் பிடித்த சில நூறு டாலருக்காகப் பல்லாயிரம் டாலரைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்று தெரியாமல்தான் இது நடக்கிறது.

ஏன் ஏறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கியபோது பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் திவாலாயின, நாடு முழுக்க இருக்கும் பெரிய கம்பெனிகள் இங்கே புது பாலிசி எழுதத் தயங்க ஆரம்பித்தன. அவர்கள் விட்ட இடத்துக்கு வந்தவை பெரும்பாலும் புளோரிடாவில் மட்டும் தொழில் செய்யும் சின்ன கம்பெனிகள், அவற்றால் ஒரு பெரிய புயலைத் தனியாகத் தாங்க முடியாது என்பதால் உலகச் சந்தையில் மறுகாப்பீடு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி தனக்கே எடுத்துக்கொள்ளும் இன்சூரன்ஸ், வாங்கி வைத்துக்கொள்கின்றன. 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃபோர்ட் மயர்ஸ் பக்கத்தை அழித்த பிறகு அந்த மறுகாப்பீட்டு விலை எகிறியது. கட்டுமானச் செலவும் ரூஃப் கிளைம் வழக்குகளும் அதோடு சேர்ந்துகொண்டன. ஆகவே "நான் இதுவரை ஒரு கிளைம்கூடப் போட்டதில்லையே" என்று ஏஜென்டிடம் வாதாடிப் பயனில்லை. மாநிலம் முழுவதற்குமான செலவில் உங்கள் பங்குதான் அந்த பிரீமியம்.

சரி, தவறுகளுக்கு வருவோம். முதலாவது, ஹரிக்கேன் டிடக்டிபிளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் உயர்த்துவது. புயல் சேதத்தில் நாம் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகைதான் டிடக்டிபிள், அதை உயர்த்தினால் பிரீமியம் குறையும். 5 சதவீதம் என்றால் சேதத்தில் 5 சதவீதம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு என்று பாலிசியில் போட்டிருக்கிறதோ, அந்தத் தொகையில் 5 சதவீதம். வீடு 4,00,000 டாலருக்கு இன்சூர் ஆகியிருந்தால் 2 சதவீதம் என்பது 8,000, 5 சதவீதம் என்பது 20,000, 10 சதவீதம் என்பது 40,000 டாலர். புயலில் ரூஃப் போய் 22,000 டாலர் செலவு என்றால், 5 சதவீத டிடக்டிபிள் வைத்தவருக்குக் கையில் வருவது 2,000. பாலிசியின் முதல் பக்கங்களில் இந்த டாலர் தொகை அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். அந்தத் தொகை சேமிப்புக் கணக்கில் இன்றைக்கு இருந்தால் தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம். இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்தது எனக்கு மனசு பொறுக்காத ஒன்று, வெள்ளக் காப்பீட்டை விடுவது. வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குத் தராது. காற்று கூரையைப் பிய்த்து அந்த ஓட்டை வழியாக மழை இறங்கினால் வீட்டு இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். கடலோ ஆறோ தெருத் தண்ணீரோ தரை வழியாக ஏறி உள்ளே வந்தால் அது வெள்ளம், அதற்குத் தனி பாலிசி வேண்டும். 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரையேறியது டாம்பாவிலிருந்து 150 மைலுக்கு மேல் வடக்கே, பெர்ரி ஊர்ப் பக்கம். இருந்தும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் கடல் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த வாரம் அந்தத் தெருக்களில் போனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சோபா, மெத்தை, ஊறிப்போன சுவர்ப் பலகை எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதை அள்ளி முடிப்பதற்குள் இரண்டு வாரத்தில் அடுத்த புயலான மில்டன் வந்துவிட்டது.

"எங்கள் வீடு எக்ஸ் ஜோன், வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்று பேங்கே சொல்லிவிட்டது" என்பார்கள். எக்ஸ் ஜோன் என்பது வெள்ள அபாயம் குறைவு என்று அரசு வரைபடத்தில் குறித்த பகுதி. பேங்க் சொன்னது கட்டாயமில்லை என்றுதான், தண்ணீர் வராது என்று யாரும் சொல்லவில்லை. அதே ஹெலீன் கடலிலிருந்து எங்கோ தள்ளியிருக்கும் வட கரோலைனா மலை ஊர்களை ஆஷ்வில் வரை ஆற்று வெள்ளத்தில் மூழ்கடித்தது, அங்கே வெள்ளக் காப்பீடு வைத்திருந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர் வரையும் உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 வரையும் எடுக்கலாம். பொருள்களுக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம், எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். புயல் உருவாகிவிட்டது என்று டிவியில் பார்த்துவிட்டு எடுத்துப் பயனில்லை. வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் புயல் நெருங்கினால் புது பாலிசியை நிறுத்திவிடுவார்கள், இருப்பதை மாற்றவும் விடமாட்டார்கள். புயல் சீசன் ஜூன் 1 தொடக்கம், எல்லா மாற்றத்தையும் ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். மற்ற கம்பெனிகளில் கிடைக்காதவர்களுக்கு பாலிசி தரும், அரசு சார்ந்த சிட்டிசன்ஸ் இன்சூரன்ஸ் நிறுவனமே காற்றுச் சேதத்துக்கான பாலிசி வைத்திருப்பவர்கள் வெள்ளக் காப்பீடும் எடுக்க வேண்டும் என்று படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது.

இனி உண்மையிலேயே பிரீமியம் குறைகிற இடம். விண்ட் மிட்டிகேஷன் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, பலர் செய்வதே இல்லை அல்லது வீடு வாங்கும்போது வந்த பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதில்லை. ரூஃப் எப்படிச் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, நான்கு பக்கமும் சரிகிற ஹிப் ரூஃபா முக்கோணச் சுவர் நிற்கும் கேபிளா, ஜன்னல்களுக்குப் புயல் ஷட்டர் உண்டா என்று பார்த்து எழுதுவார்கள். புளோரிடா சட்டப்படி இவற்றுக்கெல்லாம் கம்பெனி தள்ளுபடி தந்தாக வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய ரிப்போர்ட்டில் சுவர்ப் பிணைப்பு வெறும் கிளிப், அதாவது மரச்சட்டத்தின் மேலே சுற்றி வராத தகரம், என்று எழுதியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறி, சுவர் ஓரம் வரை தவழ்ந்து போய், வெப்பம் தடுக்கப் பரப்பிய பஞ்சை விலக்கிப் பார்த்தேன். தகரப் பட்டை மரச்சட்டத்தின் மேலே வளைந்து மறுபக்கம் இறங்கியிருந்தது, முன்பக்கம் இரண்டு ஆணி, பின்பக்கம் ஒன்று. அதற்குப் பெயர் சிங்கிள் ராப், கிளிப்பைவிட மேல் வகுப்பு. முன்பு வந்தவர் ஓரம் வரை போகவே இல்லை போலிருக்கிறது. வேறொருவரை வைத்துப் புதிதாக ரிப்போர்ட் எடுத்து அனுப்பினேன், எந்தக் கவரேஜையும் தொடாமல் அந்த வருடமே பிரீமியம் இறங்கியது. ரிப்போர்ட் பொதுவாக 5 வருடம் செல்லும், நடுவில் ரூஃப் மாற்றினாலோ ஷட்டர் போட்டாலோ உடனே புதிதாக எடுங்கள். மை சேஃப் புளோரிடா ஹோம் என்ற மாநில அரசுத் திட்டத்தில் நிதி இருக்கும்போது இன்ஸ்பெக்‌ஷனை இலவசமாகச் செய்துதருகிறார்கள், தகுதி உள்ளவர்களுக்கு வீட்டைப் பலப்படுத்த 10,000 டாலர் வரை மானியமும் உண்டு.

வீட்டின் இன்சூரன்ஸ் தொகையைக் குறைக்கச் சொல்வதும் தவறுதான். வாங்கிய விலையில் நிலத்தின் விலையும் சேர்ந்திருக்கிறது, அதனால் அதை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. இன்றைய கூலிக்கும் மரத்தின் விலைக்கும் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. புதிய கட்டட விதிப்படி கட்டச் சொன்னால் வரும் கூடுதல் செலவுக்கான கவரேஜையும் எடுத்துவிடாதீர்கள், 2002க்கு முன் கட்டிய வீடென்றால் அது கட்டாயம் வேண்டும். ரூஃபுக்கு முழுத் தொகை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவாகச் சொல்லும் கம்பெனியின் விலை மதிப்பீட்டில் பல சமயம் வித்தியாசமே அங்கேதான் இருக்கும்.

கம்பெனி மாற்றும்போது இன்னொன்று. லோன் இருந்தால் பிரீமியத்தை எஸ்க்ரோ கணக்கிலிருந்து, அதாவது மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணத்திலிருந்து, பேங்க்தான் கட்டுகிறது. பழைய கம்பெனி மீதிப் பணத்துக்குச் செக்கை உங்கள் பெயரில் அனுப்பும். அதைச் செலவழித்துவிட்டால் எஸ்க்ரோவில் பள்ளம் விழுந்து அடுத்த வருடம் மாதத் தவணை ஏறும், ஆகவே அப்படியே எஸ்க்ரோவில் கட்டிவிடுங்கள். புதிய பாலிசியின் நகல் பேங்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். சேராவிட்டால் பேங்கே ஒரு பாலிசியை உங்கள் தலையில் கட்டிவிடும், அது பல மடங்கு விலை, காப்பதும் முக்கியமாக பேங்கின் கடனைத்தான்.

லோன் முடிந்ததும் இன்சூரன்ஸே வேண்டாம் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டை இன்னொரு தடவை கையிலிருந்து கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்தான் அது சரிப்படும்.

கிளைம் போடுவதில் தாமதமும் கூடாது. 2022 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு, சேதம் நடந்து ஒரு வருடத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும், விடுபட்டதைச் சேர்க்க 18 மாதம். புயல் ஓய்ந்த மறுநாள் கதவைத் தட்டி, ரூஃபை இலவசமாக மாற்றித் தருகிறேன், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று டேப்லெட்டை நீட்டுகிறவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் கம்பெனியைக் கூப்பிட்டு கிளைம் நம்பர் வாங்குங்கள், ஈரமான ஒவ்வொரு சுவரையும் ஃபோட்டோ எடுங்கள், ரூஃபில் தார்ப்பாய் போட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.