பள்ளிக்கு நடந்து போகப் பாதுகாப்பான வழி: கியூஜிஐஎஸ்ஸில் போடுவது எப்படி?

ஜூனில் பள்ளி திறந்ததும் மகள் சொல்லிவிட்டாள்: "நாலாம் வகுப்பு வந்துட்டேன்மா. இனிமே ஆட்டோ வேண்டாம், நடந்தே போறேன்." துணைக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர். தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மதுரை பைபாஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் பள்ளி.

கைபேசியில் நடைவழி கேட்டேன். பைபாஸ் ரோட்டு ஓரமாகவே பாதி வழி நடக்கச் சொன்னது. தூரக் கணக்கில் அது சரி. காலை எட்டே காலுக்கு அந்த ஓரத்தில் பேருந்து ஒதுங்கும், எதிர்த் திசையில் பைக் வரும், டீக்கடை முன்னால் வண்டிகள் நிற்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மாதிரி விதிகள் தொடக்கப் பள்ளி 1 கி.மீ., நடுநிலைப் பள்ளி 3 கி.மீ. நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தூரத்தை எந்தத் தெரு வழியாக நடப்பது என்பதை வீட்டில் இருக்கும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் உட்கார்ந்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு வழி போட்டேன். அதே வேலையை நீங்கள் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

கணினியில் கியூஜிஐஎஸ். இலவசம்தான். நீண்டகால ஆதரவுப் பதிப்பையே இறக்கிக்கொள்ளுங்கள், புத்தம் புதிய பதிப்பு இதற்குத் தேவையில்லை. அதற்குள் 'குவிக்ஓஎஸ்எம்' என்ற பிளகின் (தெருக்களை இறக்கித் தரும் துணைக் கருவி). ஆண்ட்ராய்டு கைபேசியில் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' செயலி. இவற்றோடு ஒரு மெஷரிங் டேப், இரண்டு ஏ4 தாள், பென்சில்.

தெருவில் குறிப்பு எடுக்க எனக்குப் பென்சிலும் தாளும்தான் பிடிக்கும். கூடக் குழந்தை வரும்போது கண் திரையில் இருக்கக் கூடாது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டைத் தனியாகப் போகும்போது பயன்படுத்துங்கள். "இந்தத் தெருவில் நடைபாதை உண்டா, விளக்கு உண்டா" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நாம் சொல்லும் பதில், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறி ஊருக்கே பயன்படும்.

தெருக்களை இறக்குவது

கியூஜிஐஎஸ்ஸில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பின்னணியாகப் போட்டு, வீடும் பள்ளியும் திரைக்குள் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். குவிக்ஓஎஸ்எம்மைத் திறந்து, கீ என்ற இடத்தில் 'ஹைவே' தேர்ந்தெடுங்கள். வேல்யூ காலியாக இருக்கட்டும். இடம் கேட்கும்போது திரையில் தெரியும் பகுதி என்று கொடுங்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முட்டுச்சந்து முதல் நாற்கரச் சாலை வரை எல்லாமே 'ஹைவே'தான்.

புள்ளி, கோடு, பரப்பு என்று தனித்தனி லேயர் (வரைபட அடுக்கு) வரும். நமக்குக் கோடு மட்டும் போதும். இது தற்காலிக லேயர், மென்பொருளை மூடினால் போய்விடும். உடனே ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பாகச் சேமியுங்கள்.

சேமிக்கும்போதே ஆயத்தொலை முறையையும் (இடத்தை எந்த அளவில் குறிப்பது என்ற முறை, சிஆர்எஸ்) மீட்டர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். இறங்கும்போது கோடுகள் டிகிரி கணக்கில் இருக்கும். பின்னால் ஏதாவது ஒரு கட்டத்தில் "1" என்று தட்டினால் அது 1 மீட்டர் ஆகாது, 1 டிகிரி ஆகிவிடும். ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்று ஓர் எண் உண்டு. மதுரை, திருச்சி, சேலம், சென்னைக்கு ஈபிஎஸ்ஜி 32644.

(பின்சேர்க்கை: கோவையிலிருந்து ஒருவர் 32644 போட்டுச் செய்துவிட்டு எழுதியிருந்தார். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கும் ஊர்களுக்கு 32643தான் சரி. கோவை, திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் எல்லாம் அந்தப் பக்கம். திண்டுக்கல்லும் மயிரிழையில் அந்தப் பக்கமே வரும்.)

நடந்து பார்ப்பது

இதைப் பள்ளிக்கூட நேரத்தில் செய்யுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நான் திங்கள் காலை எட்டே காலுக்கும், புதன் மாலை நாலரைக்கும் போனேன். காலையில் பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் மாலையில் பத்துப் பதினைந்து பைக் நின்றது. அதே தெருதான், ஆனால் திரும்பி வரும்போது வேறு தெரு.

நடைபாதை என்று வரைபடத்தில் இருந்தாலும் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். இந்திய சாலைகள் பேராயத்தின் ஐஆர்சி 103 வழிகாட்டி (2012), தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. நான் அளந்த ஒரு நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சுவருக்கும் நடுவே 70 சென்டிமீட்டர்தான் இருந்தது. புத்தகப் பையோடு ஒரு பிள்ளை ஒருக்களித்துத்தான் போக முடியும். மற்ற பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடப்பார்கள். அதனால் அதை நடைபாதை இல்லாத ரோடு என்றே குறித்தேன்.

இன்னொன்று: ஒவ்வொரு முக்கிலும் குனிந்து பாருங்கள். ஒரு தெருமுனையில் மகள், "அம்மா, இங்கருந்து எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றாள். எனக்கு ரோடு நன்றாகத் தெரிந்தது. முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்தேன். கண் முன்னால் நிறுத்தியிருந்த ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் மட்டும்தான். வருகிற வண்டி அவளுக்குத் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் அவள் தெரியமாட்டாள். நாலடி உயரத்தில் இருந்து பார்க்காமல் எந்த முக்கையும் நல்லது என்று எழுதாதீர்கள்.

மூடியில்லாத சாக்கடை, நாய்கள் கூடும் இடம், மதுக்கடை, மழைக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளம், அவசரத்துக்கு ஒதுங்க நம்பகமான ஒரு கடை அல்லது வீடு, எல்லாம் தாளில் வரட்டும்.

பார்த்ததை எண்ணாக்குவது

மென்பொருளுக்கு ஆபத்து என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது தூரமும் நேரமும்தான். அதனால் பயத்தை நேரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அட்ரிபியூட் டேபிளில் (ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரிசை இருக்கும் அட்டவணை) 'வேகம்' என்று தசம எண் வகையில் ஒரு புது நிரலை, அதாவது மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்களை, சேருங்கள். முதல் வேலையாக எல்லா வரிசைக்கும் 3 (மணிக்கு 3 கி.மீ.) என்று நிரப்பிவிடுங்கள். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அப்புறம் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தெருவாகத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அமைதியான தெருவுக்கு 4. வண்டி அதிகம், நடைபாதை இல்லை என்றால் 2. பிள்ளை தனியாக நடக்கவே கூடாத ரோட்டுக்கு 1.

இது எப்படி வேலை செய்கிறது? பைபாஸ் ஓரம் 400 மீட்டர், மணிக்கு 1 கி.மீ. வேகம் என்றால் 24 நிமிடம். உள்தெரு வழி 600 மீட்டர், வேகம் 4 என்றால் 9 நிமிடம். "சீக்கிரம் போகும் வழி எது" என்று கேட்டால் மென்பொருள் தானாகவே உள்தெருவைக் காட்டும்.

ரோட்டைக் கடக்கும் இடத்துக்கும் இதே கணக்கு. பைபாஸ் ரோடு வரைபடத்தில் இரண்டு கோடாக இருக்கும், நடுவே மீடியன் இடைவெளியில் ஒரு சின்னக் கோடு. அது 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் இல்லாத இடமென்றால் அந்தச் சின்னக் கோட்டுக்கு 0.2 கொடுங்கள். அந்த 10 மீட்டருக்கு 3 நிமிடம் ஆகும். 4 கி.மீ. வேகத்தில் 3 நிமிடம் என்றால் 200 மீட்டர். அதாவது, "இந்த இடத்தில் கடக்காமல் இருக்க 200 மீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை" என்று நீங்கள் சொல்கிறீர்கள். 400 மீட்டர் சுற்றலாம் என்று தோன்றினால் 0.1. சிக்னலும் காவலரும் இருக்கும் இடத்துக்கு 3 போதும். இந்த எண்களை யாரும் உங்களுக்குத் தர முடியாது. உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்த நீங்கள்தான் தர வேண்டும்.

கோடு தொட்டிருக்கிறதா? நான் மாட்டிக்கொண்ட இடம்

எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு சந்து உண்டு. பைக்கே நுழையாது. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வரைபடத்தில் அது இல்லை, அதனால் அதே லேயரில் கையால் கோடு போட்டேன், வேகம் 4 கொடுத்தேன். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் வழி அந்தச் சந்துக்குள் போகவே இல்லை. நாலு நாள் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

கோளாறு எண்ணில் இல்லை. சந்தின் நுனி தெருக்கோட்டைத் தொடுவது போலத்தான் தெரிந்தது. ஆனால் தொட்ட இடத்தில் தெருக்கோட்டுக்கு ஒரு கணுவும் (கோடு தொடங்கும், வளையும், முடியும் புள்ளி; வெர்டெக்ஸ்) இல்லை. கியூஜிஐஎஸ் இரண்டு கோட்டை இணைந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டுக்கும் அந்த இடத்தில் பொதுவான ஒரு கணு வேண்டும். ஒரு கோடு இன்னொன்றின் நடுவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றால் அது இணைப்பாகாது.

சரிசெய்வது இப்படி: எடிட் முறையில் வெர்டெக்ஸ் கருவியை எடுங்கள். தெருக்கோட்டில் சந்து முட்டும் இடத்தில் இரட்டைச் சொடுக்கு, புதுக் கணு வரும். ஸ்னாப்பிங்கை (பக்கத்துக் கணுவோடு ஒட்ட வைக்கும் வசதி) இயக்கி, சந்தின் நுனிக் கணுவை இழுத்து அதன் மேல் வையுங்கள். ஒட்டிக்கொள்ளும். சந்தின் இரண்டு முனைக்கும் இதைச் செய்யுங்கள்.

இணைந்ததா என்று சோதிக்க, சந்தின் நடுவில் ஒரு புள்ளியைத் தொடக்கமாகவும் பெரிய தெருவில் ஒரு புள்ளியை முடிவாகவும் வைத்து வழி கேளுங்கள். வழி இல்லை என்று சொன்னால் இன்னும் ஒட்டவில்லை.

எல்லாக் கோடுகளையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் துண்டாக்கும் 'ஸ்பிளிட் வித் லைன்ஸ்' கருவியால் ஒரேயடியாக வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். மேம்பாலக் கோடும் அதன் அடியில் போகும் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இல்லாத கணு உருவாகிவிடும். அப்புறம் காளவாசல் மேம்பாலத்தின் மேலிருந்து கீழே ரோட்டுக்குப் பிள்ளை நேராக இறங்கலாம் என்று வழி வரும்.

வழி கேட்பது

பிராசசிங் டூல்பாக்ஸில் நெட்வொர்க் அனாலிசிஸ், அதில் ஷார்டஸ்ட் பாத், புள்ளியிலிருந்து புள்ளிக்கு. வகையில் 'ஃபாஸ்டஸ்ட்' தேர்ந்தெடுங்கள். மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து ஸ்பீட் ஃபீல்டில் நம் 'வேகம்' நிரலைக் கொடுங்கள். டீஃபால்ட் வேகம் 50 என்று இருக்கும், அதையும் 3 ஆக்கிவிடுங்கள். திசைக்கான நிரலைத் தொடாதீர்கள். ஒருவழிப் பாதை வண்டிக்குத்தான், நடப்பவர்களுக்கு இல்லை.

எங்களுக்கு வந்த வழி கைபேசி சொன்னதைவிட 230 மீட்டர் அதிகம். பைபாஸ் ரோட்டை ஒரே ஒரு இடத்தில், சிக்னலில் கடக்கிறது. மீதியெல்லாம் உள்தெரு. அந்த 230 மீட்டருக்கு மகள் ஐந்து நிமிடம் முன்னால் கிளம்புகிறாள்.

வந்த வழியை அப்படியே நம்பாமல் பிள்ளையோடு குறைந்தது மூன்று நாள் நடங்கள். மூன்றாம் நாள் அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். எங்கே தயங்குகிறாள், எங்கே ஓடுகிறாள் என்று பார்த்து எண்ணை மாற்றுங்கள். எனக்கு இரண்டு முக்குகள் மாறின.

பின்சேர்க்கை: நவம்பர்

மழைக்காலத்துக்கு 'மழைவேகம்' என்று இன்னொரு நிரல் சேர்த்திருக்கிறேன். தண்ணீர் நிற்கும் இரண்டு தெருவுக்கும், மூடியில்லாத சாக்கடை ஓரத்துக்கும் 0.2. தண்ணீர் தேங்கினால் சாக்கடை எது, தெரு எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. ஸ்பீட் ஃபீல்டில் நிரலை மாற்றிக் கொடுத்தால் மழை வழி தனியாக வரும். இரண்டையும் ஒரே தாளின் இரண்டு பக்கத்தில் அச்சிட்டுப் பையில் வைத்திருக்கிறாள். தெருப் பெயருக்குப் பதில் பிள்ளையார் கோயில், மாவு மில், பச்சைக் கேட் வீடு என்று அவள் சொன்ன அடையாளங்களையே எழுதினேன்.

பின்சேர்க்கை: பூட்டிய கேட்

ஒரு குடியிருப்பு வளாகத்தின் ஊடாக வழி வந்ததாகவும், அதன் பின்கேட் மாலையில் பூட்டியிருப்பதாகவும் ஒரு அப்பா எழுதியிருந்தார். காலை வழியே மாலைக்கும் ஆகும் என்று நானும் முதலில் எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். கேட், கோயில் வளாகம், மைதானம் வழியாகப் போனால் இரண்டு வேளையும் திறந்திருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை யாருக்குக் கொடுப்பது

நடைபாதை, விளக்கு, கடக்கும் இடம், விடுபட்ட சந்து: இவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். ஆனால் வேறு நிறுவன வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, உரிமம் இடம் தராது. நாய், மதுக்கடைக் கூட்டம், நம்பகமான வீடு போன்ற உங்கள் குறிப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.

வீட்டு வாசலில் தொடங்கி பள்ளி வாசலில் முடியும் கோட்டைப் பொதுவில் போடவே வேண்டாம். ஒரு குழந்தை தினமும் எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போகிறாள் என்பது அதில் அப்படியே இருக்கிறது. கூட நடக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கு நான் அச்சிட்ட தாளைத்தான் கையில் கொடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. பள்ளிக்குக் கொடுத்த படத்தில் எங்கள் தெருவையே எடுத்துவிட்டு, பொதுவான முக்கிலிருந்து தொடங்கும்படி வெட்டிக் கொடுத்தேன்.