பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள பெண்கள் மார்பகப் பரிசோதனைக்குத் தயாராகும் முறை

பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மாற்றம் இருப்பது உறுதியான பெண்கள், மற்றவர்களைப் போல 40 வயதுவரை காத்திருக்கக் கூடாது. அமெரிக்க வழிகாட்டு நெறிமுறைகளின்படி 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐயும் (காந்தப்புல ஸ்கேன்), 30 வயது முதல் அதனுடன் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) தேவை. இளவயதில் அடர்த்தியாக இருக்கும் மார்பகத் திசுவும் மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். எம்ஆர்ஐயிலோ, கையின் ரத்தக்குழாயில் செலுத்தப்படும் கடோலினியம் மருந்து கட்டியின் புதிய ரத்தக்குழாய்களில் விரைந்து சேர்வதால் அது தனித்துப் பளிச்சிடும்.

மாதவிடாய் தொடரும் பெண்கள், அது தொடங்கிய 7ஆம் நாளுக்கும் 15ஆம் நாளுக்கும் இடையில் எம்ஆர்ஐக்கு நாள் குறிக்க வேண்டும்; மற்ற நாட்களில் இயல்பான திசுவும் ஒளிர்ந்து குழப்பும். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர், கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மேமோகிராம் அன்று அக்குளில் பவுடரோ டியோடரன்டோ பூசாதீர்கள். அதன் துகள்கள் படத்தில், சில வேளை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் படிவுகள் போலவே விழக்கூடும்.

பழைய அறிக்கைகள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுசெல்லுங்கள். முடிவில் பைராட்ஸ் (புற்றுநோய்ச் சந்தேகத்தின் அளவைக் காட்டும் எண்) 3 என்றிருந்தால் வழக்கமாக 6 மாதத்தில் மறுபரிசோதனை, 4 அல்லது 5 என்றால் திசுப் பரிசோதனை. 4 என்பதாலேயே புற்றுநோய் உறுதியாகிவிடாது.