பிரித்தானியாவில் பழைய கார் வாங்குபவர்களுக்கு: என்ஜின் விளக்கும் ஆக்சிசன் சென்சார் குறியீடுகளும்

லண்டனுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியமர்ந்து, அதிகாலை வேலைக்குப் போய்வர ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையையும் ஓடிய மைல் கணக்கையும் மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் 2018 மே மாதத்தில் எம்.ஓ.டி. என்னும் ஆண்டுதோறுமான சாலைத்தகுதிச் சோதனையின் விதிகள் இறுக்கப்பட்ட பின், 2003 ஜூலையிலோ அதன் பிறகோ முதன்முதலாகச் சாலைக்கு வந்த பெட்ரோல் காரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அது தேறாது. அந்த விளக்கை எரியவைக்கும் காரணங்களில், புகைக்குழாயில் எஞ்சும் ஆக்சிசனை அளக்கும் ஆக்சிசன் சென்சார் அடிக்கடி வருவது.

ஆகவே வாங்கும் முன் சாவியைத் திருப்பி, என்ஜினை இயக்காமல், விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்து வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். வண்டி எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையதளம் பழைய எம்.ஓ.டி. முடிவுகளை இலவசமாகக் காட்டும். புகை அளவில் தவறிய பதிவு இருந்தால் பேரம் பேசுவதற்கு அதுவே போதும்.

வாங்கிய பின் விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் செருகுவாயில் மலிவான குறியீடு வாசிப்பான் ஒன்றைப் பொருத்தி, காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கலாம். அழிப்பதற்கு முன் குறியீட்டையும், அது பதிவான நேரத்தின் வேகம், என்ஜின் வெப்பம் முதலிய விவரங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

குறியீடு எந்த மின்சுற்றில் அல்லது பகுதியில் கோளாறு தெரிந்தது என்பதைத்தான் சொல்கிறது, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அல்ல. சென்சார் 1 என்பது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது, சென்சார் 2 அதற்குப் பின்னால் இருப்பது. பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். சாதாரண நான்கு சிலிண்டர் கார்கள் பெரும்பாலானவற்றில் ஒரே பேங்க்தான்.

பி0135, பி0141 ஆகியவை சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றைக் குறிப்பவை. இவற்றைத்தான் வீட்டிலேயே எளிதாகச் சோதிக்க முடியும். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, என்ஜின் ஆறிய பின் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரால் மின்தடையை அளவிடுங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. முடிவிலி காட்டினால் அது அறுந்துவிட்டது. ஹீட்டர் நன்றாக இருந்தும் குறியீடு திரும்பி வந்தால், கார்ப் பக்கத்து இணைப்புக்கு 12 வோல்ட் வருகிறதா என்றும், புகைக்குழாயின் சூட்டில் கம்பி உருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்று சொல்லும் பி0171 வந்தால் சென்சார் மீது பழி போட அவசரப்படாதீர்கள். சென்சார் அப்படிச் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்: வெடித்த வேக்குவம் குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சார், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகியவை காரணமாக இருக்கலாம். முன் சென்சாருக்கு முன்னாலேயே கசியும் புகைக்குழாயும் அப்படிக் காட்டவைக்கும். கார் நிற்கும்போதான ஐடில் ஓட்டத்தில் கூடுதலாக இருக்கும் எரிபொருள் திருத்த அளவு (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்; வாசிப்பானில் தெரியும்), நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில் இயல்புக்கு இறங்கினால், முதலில் தேட வேண்டியது வேக்குவம் கசிவை. பி0133 சென்சார் மந்தமாக மாறுவதைக் குறிக்கிறது. என்ஜின் சூடான பின் பழைய வகை முன் சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். சில டொயோட்டாக்களில் இருக்கும் காற்று–எரிபொருள் விகித சென்சாருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பின் சென்சாரும் அதேபோல் ஆடினால், கன்வெர்ட்டரின் திறன் குறைவைக் குறிக்கும் பி0420 கூடவே வந்தால், சந்தேகம் கன்வெர்ட்டர் பக்கம் திரும்புகிறது.

கராஜில் “சென்சார் மாற்ற வேண்டும்” என்றால், எந்தக் குறியீடு, என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைக்குத் தனிக்கட்டணம் கேட்பது இங்கே வழக்கம். தேவையில்லாத ஒரு சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் அதைக் கொடுத்துவிடுவது லாபமே.

எம்.ஓ.டி. காலாவதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலம் வரை முன்கூட்டியே சோதித்தாலும் அடுத்த ஆண்டின் தேதி மாறாது. அந்தக் காலம் தொடங்குவதற்குள் பழுதுபார்த்து, குறியீட்டை அழித்து, சில நாட்கள் நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் ஓட்டி, நிலுவைக் குறியீடு (விளக்கை இன்னும் எரியவைக்காத, ஆனால் கணினி குறித்துவைத்த கோளாறு) எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே சோதனைக்கு நேரம் பதிவு செய்யுங்கள்.