அடைகோழிக்கு முட்டை வைப்பது எப்படி?

வீட்டில் நாலு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருந்தால் குஞ்சுக்காக எங்கும் அலைய வேண்டாம், இன்குபேட்டரும் வேண்டாம். கோழியே பார்த்துக்கொள்ளும். நமக்கு உள்ள வேலை கொஞ்சம்தான்.

முட்டையிட்டு முடித்த கோழி கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்றால் அடைக்கு வந்துவிட்டது. உடனே நல்ல முட்டைகளை வைக்காதீர்கள், ரெண்டு முட்டையை மட்டும் வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், சில கோழி மறுநாளே மனசு மாறி மேயப் போய்விடும்.

முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. விரிசல் இருந்தால் வேண்டாம், கழுவவும் கூடாது. பழைய கூடையில் மணல் போட்டு, மேலே வைக்கோலைக் குழிவாகப் பரப்பி, பேன் வராமல் இருக்க நொச்சி இலையும் வைத்து, கோழியின் அளவைப் பார்த்து 10 அல்லது 12 முட்டை வையுங்கள். இருட்டின பிறகு கோழியை உட்கார வைத்தால் முரண்டு பிடிக்காது. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று எங்கள் அப்பத்தா கூடையில் ஒரு இரும்புத்துண்டும் கரித்துண்டும் போடுவார். காரணம் கேட்டதில்லை, நானும் போடுகிறேன்.

தினமும் ஒரு தடவை எழுந்து வரும், தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏழாம் நாள் ராத்திரி முட்டைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடினால் கரு இருக்கிறது, தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

18ஆம் நாளுக்கு மேல் கை வைக்காதீர்கள். 21ஆம் நாள் ஓட்டைக் கொத்திக்கொண்டு தவித்த ஒரு குஞ்சுக்கு உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தேன், ரத்தம் கசிந்து கையிலேயே செத்துப்போனது. ஓட்டை உடைக்க ஒரு நாள்கூட ஆகும், விடுங்கள். பொரித்த குஞ்சுக்கும் முதல் நாள் தீனி அவசரமில்லை, வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது.

அப்புறம் நொய், தண்ணீர், பருந்துக்குப் பயந்து பஞ்சாரம், அதாவது குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் கூடை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் தடுப்பு சொட்டு மருந்து, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கரையான் கிடைத்தால் குஞ்சு மளமளவென்று வளரும்: ஒரு பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டிவிட வேண்டியதுதான்.