சென்னையில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? நாள் பார்த்துப் போங்கள்

கடல் தெரிகிற மேசையில் உட்கார்ந்துவிட்டால் தட்டில் இருப்பது இன்றைய மீன் என்று ஆகிவிடாது. சென்னையில் நல்ல மீன் சாப்பாடு அமைவதும் அமையாததும் பெரும்பாலும் நீங்கள் ஓட்டலுக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடுகிறது. என்ன மாதம், என்ன கிழமை, எந்தப் படகில் வந்த மீன் என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. கடைப் பெயர் அதற்கடுத்துதான்.

படகிலிருந்தே தொடங்குவோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி, பிடித்ததை ஐஸில் போட்டுக்கொண்டு திரும்புகின்றன. நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற இடங்களிலிருந்து இறங்கும் ஃபைபர் படகுகள் இருட்டில் போய்க் காலையிலேயே கரைக்கு வந்துவிடும். பெரிய வஞ்சிரம் விசைப்படகில் வந்ததாகவோ வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவோ இருக்கலாம். ஃபைபர் படகு கொண்டுவரும் நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், கானாங்கத்தை, சிறிய சங்கரா ஆகியவை அன்று காலை வரை நீந்திக்கொண்டிருந்தவை. ஊருக்குப் புதிதாய் வருகிறவர்கள் எல்லாரும் வஞ்சிரம் கேட்கிறார்கள், ஊர்க்காரர்கள் காரப்பொடி கேட்கிறார்கள். விலையிலும் காரப்பொடிதான் குறைவு.

நாள் பார்ப்பது

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன, ஃபைபர் படகு போன்ற நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அப்போது ஓட்டல்களுக்கு வஞ்சிரமும் வவ்வாலும் மேற்குக் கரையிலிருந்து வரும், அல்லது குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும். ஜூனில் மேற்குக் கரையிலும் தடை தொடங்கிவிடுவதால் அந்த மாத நடுவில் பெரிய மீன் விலை உச்சத்துக்குப் போகும். அந்த வாரங்களில் பெரிய மீன் வேண்டாம். நாட்டுப்படகில் வந்த சிறு மீன் குழம்பு கேளுங்கள். மாங்காய் சீசனும் அதுதான், நெத்திலியில் மாங்காய் போட்ட குழம்பு கிடைத்தால் வேறெதையும் பார்க்காதீர்கள்.

ஜூன் 15-க்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும், ஆனால் அன்றே மீன் மலிந்துவிடாது. அவை திரும்பிவரச் சில நாள் ஆகும். ஒரு வாரம் பொறுத்துப் போனால் வகையும் கூடும், விலையும் இறங்கும்.

புரட்டாசி வேறு கணக்கு. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பாதி ஊர் அசைவத்தைத் தொடாது. படகுகள் வழக்கம்போலப் போகும், வாங்க ஆள் குறைவு, அதனால் விலை இறங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கூட்டமில்லாத சிறிய மெஸ்ஸில் நேற்றைய மீன் இன்றும் ஃபிரிட்ஜில் இருக்கும். புரட்டாசியில் மட்டும் கூட்டம் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். மாதம் முடிந்த முதல் ஞாயிறு பக்கமே போகாதீர்கள், ஒரு மாதப் பசி அங்கே வரிசையில் நிற்கும்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகு இறங்காது. கூண்டு இறங்கிய மறுநாளும் புது மீன் இருக்காது, இரண்டு மூன்று நாள் விட்டுப் போகவும்.

கிழமையில் ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் குவியும், ஆனால் ஓட்டல்களில் இடம் கிடைக்காது, சமையலும் அவசரத்தில் நடக்கும். திங்களன்று ஞாயிற்றுக்கிழமை மிச்சம் வர வாய்ப்புண்டு. செவ்வாய், வெள்ளியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது என்பதால் மேசை எளிதில் கிடைக்கும். புதனோ வியாழனோ மதியம் 12.30-க்குப் போய்விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. 1.15-க்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்துவிடும், 2.30-க்கு மேல் வறுவல் வகைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிடும்.

என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது

உட்கார்ந்ததும் மெனு கார்டைப் புரட்டாதீர்கள். "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள். "எல்லாமே இருக்கு சார்" என்று பதில் வந்தால் ஃபிரீசர் நிறைய இருக்கிறது என்று பொருள். "சங்கராவும் கடம்பாவும் இருக்கு, வவ்வால் இல்லை" என்கிற கடையை நம்பலாம். பெயர்களிலும் கவனம் வேண்டும். தெற்கே கணவாய் என்பதைச் சென்னையில் கடம்பா என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம், சென்னையில் ஷீலா வேறு மீன். கார்டில் முள் இல்லாத மீன் துண்டு என்று எழுதியிருந்தால் அது வளர்ப்பு மீனான பாசாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாசா கெட்ட மீன் அல்ல, ஆனால் அதைச் சாப்பிடக் கடற்கரை ஊருக்கு வரவேண்டியதில்லை.

தட்டில் ஐஸ் போட்டு மீனைக் காட்டுகிற கடையானால் கண்ணைப் பாருங்கள். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும், குழிவிழுந்து பால் பூத்திருந்தால் பழையது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம், அதில் தவறில்லை. சிவப்பு நல்லது, பழுப்பு கூடாது. துண்டு போட்டு மசாலா தடவி அடுக்கியிருந்தால் இந்தச் சோதனை எதுவும் நடக்காது. அங்கே மூக்கு ஒன்றுதான் துணை.

வஞ்சிரம் வேண்டுமென்றால் நடுத்துண்டாகக் கேளுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போனால் உள்ளே வேகும் முன் வெளியே வறண்டுவிடும். கல்லில் போட்டு எடுக்க ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், ஆக மொத்தம் ஆறு முதல் எட்டு நிமிடமாவது ஆகும். கேட்ட மூன்றாவது நிமிடம் வந்துவிட்டால் காலையிலேயே பொரித்து வைத்ததைச் சூடு காட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். விரலால் அழுத்திப் பாருங்கள், புதிதாய்ப் பொரித்தது இதழ் இதழாகப் பிரியும், சூடு காட்டியது நாராக இழுக்கும். மசாலா கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் அது மிளகாய் நிறமாக இல்லாமல் கலர் பொடியாகவும் இருக்கலாம்.

நெத்திலி வறுவலை முதலில் கேட்டுவிட்டு மற்றவற்றுக்காகக் காத்திருப்பது பலர் செய்யும் தவறு. சென்னையின் ஈரக்காற்றில் பத்து நிமிடத்தில் அது துவண்டுவிடும். சோறு போடும்போது கேளுங்கள், வந்தவுடன் முள்ளோடு கடித்து முடித்துவிடுங்கள்.

கடம்பாவுக்கு நேரம்தான் எல்லாம். இரண்டு நிமிடத்தில் எடுத்தால் மென்மை, அதைத் தாண்டினால் ரப்பர், முக்கால் மணி நேரம் வேகவிட்டால் மறுபடி மென்மை. கூட்ட நேரத்தில் இந்த நடுக் கட்டத்தில்தான் தட்டுக்கு வரும். அதனால் கடம்பா வறுவலைக் கூட்டமில்லாத நேரத்திலும், தொக்கை எந்த நேரத்திலும் கேட்கலாம். இறாலும் அப்படித்தான்: லேசாக வளைந்திருந்தால் சரியான பதம், வாலும் தலையும் முட்டும்படி சுருண்டிருந்தால் அதிகம் வெந்துவிட்டது. கடல் இறாலா வளர்ப்பு வன்னாமியா என்றும் கேளுங்கள். குழம்பில் பெரிய வித்தியாசம் தெரியாது, வறுவலில் தெரியும்.

சுறா புட்டு சென்னையில் தவறவிடக்கூடாத ஒன்று. வேகவைத்த பால் சுறாவை உதிர்த்து, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு கிளறுவார்கள். மூக்கை உறுத்தும் அமோனியா வாடை வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். சுறாவின் சதையில் யூரியா உண்டு, மீன் பழையதாகும்போது அது அமோனியாவாக மாறும். மசாலாவால் அதை மறைக்க முடியாது.

நண்டு கேட்கும்போது எடை முழு நண்டுக்கா, சுத்தம் செய்த பிறகா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு கிலோ நண்டில் சதை மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான். நண்டு மசாலாவையும் சோற்றையும் ஒன்றாக வாங்காதீர்கள், ஓடு உடைத்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். நண்டை முதலில் முடித்துவிட்டு, தட்டில் மிஞ்சிய மசாலாவில் சோற்றைப் பிசைவதுதான் முறை.

குழம்புக்கு மட்டும் இந்தப் புதுமை விதியெல்லாம் பொருந்தாது. புளி ஊறிய நேற்றைய மீன் குழம்பு இன்றையதைவிட ருசி. சில மெஸ்களில் கேட்டால் கிடைக்கும், கேட்காமல் கிடைக்காது.

கடல் தெரியும் மேசை

சென்னையில் சூரியன் கடலில் மறையாது. கடல் கிழக்கே இருக்கிறது. சூரிய அஸ்தமன விருந்து என்று எண்ணி ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாடி மேசை பதிவு செய்தால், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இறங்கும், ஏழு மணிக்கு மேல் எதிரே வெறும் இருட்டுதான். கடலைப் பார்த்துச் சாப்பிட இரண்டு வழி உண்டு. ஒன்று காலை உணவு. இன்னொன்று பௌர்ணமி. அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கடலிலிருந்து நிலவு எழும். சென்னையில் அஸ்தமனம் நவம்பரில் 5.40 வாக்கிலும் ஜூலையில் 6.40 வாக்கிலும் இருக்கும். அதற்குக் கால் மணி முன்பு மேசையில் இருந்தால் போதும். மறுநாள் போனால் நிலவு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும், வானம் நன்றாக இருட்டிய பிறகு வருவதால் அதுவும் அழகுதான். அடிவானத்தில் மேகம் இருந்தால் இரண்டு நாளும் போச்சு.

மாடி மேசையில் காற்று பலம். வறுவல் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், எனவே எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாமல் ஒன்று முடிந்து ஒன்று வரச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு மாலை உத்தண்டி சுங்கச்சாவடிப் பக்கம் போக்குவரத்து நகராது. கோவளமோ மாமல்லபுரமோ போவதானால் மூன்று மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

ஓட்டலே வேண்டாம் என்றால், நொச்சிக்குப்பத்தில் 2024-இல் திறந்த நவீன மீன் அங்காடிக்குக் காலையிலேயே போய் மீன் வாங்கலாம். சுத்தம் செய்ய, துண்டு போடத் தனிக் கூலி, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் மெரினாவில் தள்ளுவண்டிக் கடைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். அங்கே மீனைவிட எண்ணெயைத்தான் பார்க்க வேண்டும். கறுத்து நுரை தள்ளினால் அடுத்த கடை.

பில்

மெனுவில் விலைக்குப் பதில் "அளவைப் பொறுத்து" என்று இருந்தால், சமைக்கச் சொல்லும் முன் தொகையைக் கேளுங்கள், எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிறகு பில்லில் சண்டை போட்டுப் பயனில்லை. வழக்கமான உணவகத்தில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது இரண்டரை இரண்டரையாக இரு வரியில் வரும். அறை வாடகை மிக அதிகமுள்ள நட்சத்திர ஓட்டல்களில் 18 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. வாடிக்கையாளர் விரும்பினால்தான் தரவேண்டும், கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. நீக்கச் சொல்லுங்கள், பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள்.

மீன் கிடைக்காத நாளில்

தடைக்காலமோ புயலோ, மீனே சரியில்லை என்றால் பாரிமுனைக்குப் போகலாம். பீச் ஸ்டேஷன் எதிரே உள்ள தெருக்களில் சாயங்காலம் அத்தோ கடைகள் தொடங்கும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது, துறைமுக நகரம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள், மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவுவார்கள். ஒரு பிளேட் அத்தோ, இரண்டு முட்டை மசாலா ஒருவருக்குப் போதும். கூடவே வரும் வாழைத்தண்டு சூப்பைக் கடைசிக்கு வைக்காமல் இடையிடையே குடியுங்கள், அதை அத்தோவிலேயே ஊற்றிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. காரம் எவ்வளவு என்று பிசையும் முன்பே கடைக்காரர் கேட்பார். பழக்கமில்லாதவர் "கம்மி" என்று சொல்வதே நல்லது, அவருடைய கம்மியே மற்றவர்களின் மீடியம்.