சூப்பர்கார் வாங்குமுன் அதன் மறுவிற்பனை விலையைக் கணிப்பது எப்படி?

ஃபெராரி எஃப்430 கார் 2004 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்டது. வாங்குபவர் இரண்டு கியர்பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, கிளட்சை மிதித்துக் கையால் மாற்றும் பழைய முறை. மற்றொன்று, ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள பேடிலைத் தட்டினால் கணினியே கிளட்சை இயக்கிக்கொள்ளும் ‘எஃப்1’ முறை. எஃப்1 முறைக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருந்தும் பெரும்பாலோர் அதையே விரும்பி வாங்கினார்கள். இன்று அந்தக் காரை விற்கப் போனால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. கையால் கியர் மாற்றும் எஃப்430 கணிசமான அளவு கூடுதல் விலைக்குப் போகிறது. அன்று பணம் கட்டி வாங்கிய நவீன வசதி இன்று விலையைக் கீழே இழுக்கிறது. எஞ்சின், உடல், பெயர், ஆண்டு எல்லாம் ஒன்றாக இருக்க, ஒரே ஒரு பாகம் மட்டும் மாறியிருப்பதால், மறுவிற்பனை மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

காரணம் எளிது. அடுத்து வந்த ஃபெராரி 458-இன் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி, வேகத்திலும் மென்மையிலும் எஃப்1 முறையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கையால் மாற்றும் கியரை அப்படி யாரும் தோற்கடிக்கவில்லை; அது அந்தப் பந்தயத்திலேயே இல்லை. ஃபெராரி அதைச் செய்வதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே எந்த சூப்பர்காரை வாங்க நினைத்தாலும் முதலில் ஒரு தாளை எடுத்து, ‘இந்தக் கார் தருவதில் எதை நாளை வரப்போகும் புதிய காரால் தர முடியாது?’ என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிப் பாருங்கள். எழுதியது ‘வேகம்’ என்றோ ‘குதிரைத்திறன்’ என்றோ இருந்தால், அந்தக் கார் விலை இறங்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவது நல்லது.

ஃபெராரியின் வரிசையையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் வந்த 458 இத்தாலியாவுக்கு 570 குதிரைத்திறன். 2015-இல் வந்த 488 ஜிடிபிக்கு 670. 2019-இல் எஃப்8 ட்ரிபூட்டோவுக்கு 720. 2021-இல், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டாக வந்த 296 ஜிடிபிக்கு 830. திறனை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு காரும் முந்தையதைக் காலாவதியாக்கியிருக்கிறது. ஆனால் புகை விதிகள் இறுகியபோது 488, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவுக்கு மாறியது. டர்போ இல்லாமல் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும் வி8 எஞ்சின் 458-உடன் முடிந்துபோனது. அதன் கடைசிக் கூர்மையான வடிவமான 458 ஸ்பெஷியாலேவின் திறன் 605 மட்டுமே. 2018-இல் வந்த 488 பிஸ்டா அதைவிடத் திறன் மிக்கது, ஓடுகளத்தில் வேகமானதும்கூட. இருந்தும் பழைய கார்ச் சந்தையில் ஸ்பெஷியாலேதான் பொதுவாக அதிக விலைக்குப் போகிறது. அதன் திறந்த கூரை வடிவமான ஸ்பெஷியாலே ஏ 499 கார்களோடு நிறுத்தப்பட்டதால் அதன் விலை இன்னும் உயரத்தில் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். குறைந்த எண்ணிக்கை மட்டுமே ஒரு காரைக் காப்பாற்றிவிடாது; காப்பாற்றினாலும் உடனே காப்பாற்றாது. லெக்ஸஸ் எல்எஃப்ஏ இதற்கு நல்ல சாட்சி. 2010 டிசம்பர் முதல் 2012 டிசம்பர் வரை 500 கார்கள் மட்டும் கட்டப்பட்டன. எஞ்சின் 4.8 லிட்டர் வி10. அதன் ஒலியைச் செதுக்குவதில் யமஹா நிறுவனத்தின் பங்கு உண்டு. சும்மா நிற்கும் நிலையிலிருந்து 9,000 சுற்றுக்கு 0.6 விநாடியில் எகிறும் அந்த எஞ்சினின் ஓட்டத்துக்கு முள் வைத்த மீட்டரால் ஈடுகொடுக்க முடியாது என்று திரையில் வரையும் மீட்டரைப் பொருத்தினார்கள். அமெரிக்காவில் விலை 3,75,000 டாலர். அந்தப் பணத்துக்கு அதைவிட வேகமான ஐரோப்பியக் கார் கிடைக்கிறதே என்று அன்றைய வாடிக்கையாளர்கள் தயங்கினார்கள். தயாரிப்பு நின்று சில ஆண்டுகள் கழிந்த பிறகும் அமெரிக்க ஷோரூம்களில் விற்காத புதிய எல்எஃப்ஏக்கள் நின்றன. இன்று அவை அசல் விலையைப் போல இரு மடங்குக்கும் மேலே போகின்றன. அன்று வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இன்று ஒலியோடு ஒப்பிடுகிறார்கள். ஒலிக்கு இணை இல்லை. போர்ஷே கரேரா ஜிடியும் இப்படித்தான். 1,270 கார்கள், 5.7 லிட்டர் வி10, கையால் மாற்றும் ஆறு கியர், அமெரிக்க விலை ஏறத்தாழ 4,40,000 டாலர். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சில ஆண்டுகள் அசல் விலைக்கும் கீழே கிடந்த அந்தக் கார் இப்போது பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. எனவே நல்ல காராகவே இருந்தாலும், மூன்றே ஆண்டில் விற்றாக வேண்டிய நிலையில் உள்ளவர் அதை வாங்குவது வேறு, பத்து ஆண்டு வைத்திருக்க முடிந்தவர் வாங்குவது வேறு.

இரண்டாவதாக, காரை விட்டுவிட்டு அதைச் செய்யும் நிறுவனத்தின் பழக்கத்தைப் பாருங்கள். மெக்லாரன் 2011-இல் எம்பி4-12சி காரை 600 குதிரைத்திறனுடன் கொண்டுவந்தது. 2014-இல் 650எஸ், 2015-இல் 675எல்டி, 2017-இல் 720எஸ் என்று அடுத்தடுத்து வந்தன. இடையே 570எஸ் என்ற சற்று மலிவான வரிசையும் சேர்ந்தது. 2018-இல் அந்த நிறுவனம், 2025-க்குள் 18 புதிய கார்களும் வகைகளும் வரும் என்றும் அறிவித்தது. எனக்கு எப்போதும் வியப்பளிப்பது அந்தப் பெயர்கள்தான். குதிரைத்திறனையே பெயராக வைத்தால், அடுத்த காரின் பெயரே உங்கள் காரின் குறையை ஊருக்குச் சொல்லிவிடுகிறது! 650 என்று பின்புறம் எழுதியிருக்கும் காரை, 720 என்று எழுதியிருக்கும் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி விற்பது கடினம். 1,68,500 பவுண்டுக்கு பிரிட்டனில் அறிமுகமான 12சி, பத்து ஆண்டுக்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. அது மோசமான கார் அல்ல. ஓட்டுவதற்கு அந்த விலையில் அதைப் போன்ற கார் மிகக் குறைவு. இதே நிறுவனம் 1990-களில் 106 மட்டுமே கட்டிய மெக்லாரன் எஃப்1 கார்களில் ஒன்று, 2021-இல் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போனது. ஆகவே விலையைத் தாங்குவதும் கைவிடுவதும் நிறுவனத்தின் சின்னம் அல்ல.

நிறுவனம் தான் கொடுத்த அரிய பொருளைத் தானே மலிவாக்கிவிடுவதும் உண்டு. போர்ஷே 2016-இல் 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் அறிவித்தது. அன்றைய 911 ஜிடி3 தானியங்கி கியரோடு மட்டுமே கிடைத்ததால், 4 லிட்டர் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் சேர்ந்த இந்தக் காருக்கு விற்பவர்கள் பட்டியல் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். மறு ஆண்டே போர்ஷே கைகியரை ஜிடி3-க்குத் திருப்பிக் கொடுத்து, பின்புறப் பெரிய இறக்கை இல்லாத டூரிங் வடிவத்தையும் வெளியிட்டது. எஞ்சினும் கியரும் ஏறத்தாழ அதே போன்றவை. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 911 ஆரின் விலை மளமளவென்று இறங்கியது. அது இன்னும் பட்டியல் விலைக்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்கு அது ஆறுதல் ஆகாது. பட்டியல் விலைக்கு மேல் நீங்கள் கட்டும் ஒவ்வொரு பவுண்டும் முதலில் கரையக்கூடிய பவுண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

பட்டியல் விலைக்கே கார் கிடைக்கிறது என்றால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஃபோர்டு ஜிடி காரை வாங்கியவர்கள் 24 மாதம் விற்கமாட்டோம் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. அதை மீறி விற்றதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது ஃபோர்டு 2017-இல் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

மின்கலம் உள்ள கார்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். 1,000 குதிரைத்திறன் கொண்ட ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ராடாலே, எண்ணிக்கை வரம்பில்லாமல் வந்த ஹைப்ரிட். கூடுதல் வசதிகளைச் சேர்த்துப் பெரும் தொகை கட்டி வாங்கிய முதல் உரிமையாளர்கள், சில ஆண்டுகளிலேயே அசல் விலையைவிட மிகக் குறைவாக விற்க நேர்ந்தது. பத்தாவது ஆண்டில் மின்கலத்துக்கு யார் பொறுப்பு என்ற அச்சம், இரண்டாவது கைக்கு வாங்க வருபவரைத் தயங்க வைக்கிறது. இதை உணர்ந்தே ஃபெராரி 2024-இல், எட்டாவது ஆண்டிலும் பதினாறாவது ஆண்டிலும் மின்கலத்தை மாற்றித்தரும் கட்டண உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. ஹைப்ரிட் வாங்குவதானால், அத்தகைய உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனிச் சந்தையைப் படிக்கும் வேலை. விளம்பரத்தில் கேட்கும் விலை விற்ற விலை ஆகாது. நீங்கள் விரும்பும் மாடலுக்கு மூன்று மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள்: எத்தனை கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை நாள் நிற்கிறது, விலை எத்தனை முறை குறைக்கப்பட்டது, இணைய ஏலத்தில் விற்காமல் திரும்பியவை எத்தனை. ஒரே பதிவெண் கொண்ட கார் மூன்று டீலர்களின் பக்கங்களில் மாறி மாறித் தோன்றினால், அவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்களே ஒழிய, ஓட்டப்போகிற யாரும் இன்னும் வாங்கவில்லை என்று பொருள். இங்கே சொன்ன விலைகள் எல்லாம் பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கச் சந்தைகளைப் பற்றியவை. இறக்குமதி வரியே விலையின் பெரும்பகுதியாக இருக்கும் இந்தியா போன்ற நாட்டில், வெளிநாட்டு ஏல விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கடைசியாக, மாடல் நல்லதென்று முடிவான பிறகும் குறிப்பிட்ட அந்தக் காரைச் சோதிக்க வேண்டும். போர்ஷே ஜிடி3 போன்ற காரில் எஞ்சின் கணினி, அளவுக்கு மீறிய சுற்றுகளை ஆறு படிகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. அந்த அறிக்கையை டீலரிடம் அச்சிட்டு வாங்கலாம். உதாரணத்துக்கு, கையால் கியர் மாற்றும் காரில் மிக உயர்ந்த ஆறாம் படியில் ஒரு பதிவு இருக்கிறது, அது நிகழ்ந்தது எஞ்சினின் 212-ஆம் மணி நேரத்தில், இப்போது எஞ்சின் 480 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ கியரைத் தவறாக இறக்கியிருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு எஞ்சின் 268 மணி நேரம் பழுதின்றி ஓடிவிட்டது என்றால் விலையில் கொஞ்சம் பேசிக்கொண்டு வாங்கலாம். அதே பதிவு 478-ஆம் மணியில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த அறிக்கையில் இன்னொரு பயனும் உண்டு. ஓடோமீட்டர் 20,000 கிலோமீட்டர் காட்டினால் 480-ஆல் வகுக்கச் சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர் வரும், நம்பலாம். 8,000 காட்டினால் சராசரி 17-க்கும் குறைவு. நகர நெரிசலிலேயே வாழ்ந்த காரா, மீட்டர் திருத்தப்பட்ட காரா என்று கேட்க வேண்டிய இடம் அது.

டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் குனிந்து படியுங்கள். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். காரைவிட டயர் புதிதாக இருந்தும் ஓடிய தூரம் மிகக் குறைவென்றால், பழைய டயர்கள் எங்கே தேய்ந்தன என்று கேளுங்கள். டயர் காரின் வயதாகவே இருந்தால், கார் பூட்டியே கிடந்தது; ரப்பர் சீல்களும் எண்ணெய்களும் சும்மா இருந்தே கெட்டிருக்கக்கூடும். கார்பன் செராமிக் பிரேக் வட்டுகளின் தேய்மானத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட முடியாது. அவற்றில் பலவற்றின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும், கழற்றி எடைபோட்டுத்தான் பார்க்க வேண்டும். நான்கையும் மாற்றும் செலவு ஒரு சாதாரணக் காரின் விலையை எட்டும் என்பதால் இந்தச் சோதனைக்குக் கட்டும் கூலி வீணாகாது.

வாங்கிய பின், சர்வீஸ் சீட்டு, டயர் ரசீது, மாற்றிய பாகத்தின் பில் எதையும் எறியாமல் ஒரே கோப்பில் வையுங்கள். சைலன்சரையோ சக்கரங்களையோ மாற்றினால், கழற்றிய அசல் பாகங்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, காரின் அடையாள எண்ணை அதன்மேல் எழுதி வைத்துவிடுங்கள்; விற்கும்போது அந்தப் பெட்டியும் காரோடு போக வேண்டும்.